கல்லான காய்

தொண்ணூறுகளின் கடைசியில், ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். நான் திறந்த ஜன்னலைத் திரும்பத் திரும்ப மூடினார்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி. வெளியில பைன் மரத்தின்ர மகரந்தம் பறக்குது. இதில ஒட்டினால் என்ர ஆராய்ச்சி பிழைச்சுப் போகும்."

மடியில் ஒரு பொட்டலம். உள்ளே கல்லாகிப்போன ஊசியிலை மரக்காய். மனிதர்கள் தோன்றுமுன் விழுந்த மகரந்தம் அதற்குள் இருக்கிறதாம்; காயைப் பொடித்துத்தான் அதை எடுக்க முடியுமாம்.

வழியில் சோதனைச் சாவடி. எங்களை இறக்கிய சிப்பாய் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தான், பொட்டலத்தைப் பிரித்தான். செதில் செதிலான அந்த உருண்டையைக் கைக்குண்டென்று நினைத்துத் துப்பாக்கியை நீட்டினான். அது வெறும் கல் என்று எப்படியோ சிங்களத்தில் சொன்னேன். உடைத்துக் காட்டச் சொன்னான்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அவர் தரையில் கைக்குட்டையை விரித்து, காயை வைத்து, இன்னொரு கல்லால் தானே உடைத்தார். தூளைச் சிந்தாமல் முடிந்துகொண்டார். சிப்பாய் போகச் சொன்னான்.

பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன், "பயந்துட்டீங்களா சார்?"

"பயந்தனான். கை நடுங்கித் தூள் கொட்டுப்பட்டுப் போடுமோ எண்டு."

உண்மையைத்தான் சொன்னாரா, நடுங்கிக்கொண்டிருந்த என்னைத் தேற்றினாரா, இன்றும் எனக்குத் தெரியவில்லை.