வெடி என்றுதான் சொன்னேன்

பாரிஸில், லாச்சப்பலில் ஒரு சேலைக்கடையின் பின்பக்கத்தில் இருந்து, சேலைச் சட்டைகளுக்குக் கொளுக்கி தைப்பது என் வேலை. நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த மூலை எனக்குத் தோதானது. எதிர்ச்சுவரில் ஒரு தொலைக்காட்சி. சென்னைச் செய்திச் சானல் நாள் முழுக்க ஓடும்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சுட்ட செய்தியை அதில் எத்தனை முறை பார்த்திருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் சிவப்பில் "அமெரிக்கா அதிர்ச்சி" என்று போடுவார்கள். நினையாத ஒன்று நடந்தால்தான் அதிர்ச்சி என்று நான் படித்த ஐந்து வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கீழே ஓடுகிற எழுத்தை நான் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அது போய்விடும். அதற்காகக் கவலைப்பட்டதில்லை. விட்டதை அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வாசித்துக்கொள்ளலாம். மஞ்சள் பேருந்து, மெழுகுதிரி, கரடிப் பொம்மை, கட்டிப்பிடித்து அழும் தாய்மார். பிறகு கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, செபிப்போம் என்பார். நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், செபத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுக் கள்ளன் வரக்கூடாது என்று செபமாலை உருட்டுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கிறது.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் ஆறு மணியிருக்கும். அந்தச் சிவப்புப் பட்டையில் ஓர் ஊரின் பெயர் வந்தது. அதைக் கூட்டி வாசிக்கத் தேவைப்படவில்லை. என் தங்கச்சியின் மகள், என் பெறாமகள், படிப்பிக்கிற ஊர் அது. தங்கச்சி செத்தபிறகு ஒன்பது வயதிலிருந்து அவளை வளர்த்தவள் நான். அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்குகிறாள்.

அவளுக்கு ஃபோன் எடுத்தேன். மணி போகவேயில்லை. திரும்ப எடுத்தேன். அதேதான்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று தொலைக்காட்சியில் சொல்லவில்லை. துப்பாக்கி என்ன வகை, ஒரு நிமிடத்தில் எத்தனை குண்டு போகும் என்பதை மூன்று பேர் மேசையைச் சுற்றி இருந்து விளக்கினார்கள். அதை விற்றவன்கூட அவ்வளவு பொறுமையாக விளக்கியிருக்கமாட்டான். ஹெலிகொப்டரில் இருந்து கூரையைக் காட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மேலே ஹெலிகொப்டர் வந்தால் அது படம் பிடிக்க வருவதில்லை. கூரையைப் பார்த்து, அதற்குக் கீழே என் பிள்ளை இருக்கிறாளா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

"என்ன அன்ரி, முகம் செத்துப்போச்சு?" என்றாள் கடைக்காரி. சொன்னேன்.

எங்கள் கெட்ட காலத்துக்கு அன்று கடையில் இன்னொருவர் நின்றார். சென்னைப் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும், இணையத்தில் சொந்தமாக ஒரு சானல் நடத்துகிறார். சேலை விளம்பரம் எடுக்க வந்தவர். காதில் விழுந்ததும் பஞ்சு சுற்றிய மைக்கோடு என்னிடம் வந்துவிட்டார்.

"அம்மா, உங்க பொண்ணா?"

"பெறாமகள், தம்பி."

"என்ன நடந்துச்சும்மா? சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்திலை வெடி வைச்சிட்டாங்களாம். பிள்ளை ஃபோன் எடுக்கேல்லை."

"கொஞ்சம் சத்தமா. இப்படிப் பட்டுச் சேலை பக்கமா வந்து நில்லுங்க, லைட் நல்லா விழுது. மனசுல இருக்கிறத அடக்காதீங்கம்மா."

என் கண்ணையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஆட்கள் பார்த்தால் எனக்குத் தும்மல்கூட வராது, கண்ணீர் எப்படி வரும்?

கால் மணித்தியாலத்துக்குள் பாரிஸுக்கு வெளியே ஓல்னேயில் இருக்கும் என் மச்சாள் ஃபோனில் எடுத்தாள். "ஐயோ மச்சாள், எங்கடை பிள்ளையைக் குண்டு வைச்சுக் கொன்றுபோட்டாங்களே!" எனக்குத் தெரியாத செய்தி இவளுக்கு எப்படி வந்தது? கடைக்காரி தன் ஃபோனை நீட்டிக் காட்டினாள். பட்டுச் சேலைகளுக்கு நடுவில் நான் முழிசிக்கொண்டு நிற்கிறேன். மேலே, "அமெரிக்கப் பள்ளியில் வெடிகுண்டு! மகளை இழந்த பாரிஸ் பாட்டி கதறல்!" கீழே, கடையின் ஃபோன் நம்பரும் பட்டுக்கு இந்த வாரம் விலைக்கழிவு என்பதும்.

யாழ்ப்பாணத்தாருக்கு வெடி வைத்தான் என்றால் துப்பாக்கியால் சுட்டான். அவருடைய ஊரில் வெடி வைத்தால் குண்டு. பெறாமகளில் 'பெறா'வை விழுங்கிவிட்டார். ஃபோன் எடுக்கவில்லை என்றது இழந்ததாகிவிட்டது. கதறல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அண்ணை, உடனை அதை எடுங்கோ!" என்று கத்தினாள் கடைக்காரி.

"எடுத்துடலாம் மேடம். ஆனா பாருங்க, ஷேர் போய்ட்டே இருக்கு."

பிறகு என் ஃபோன் ஓயவில்லை. சார்செல், பியர்ஃபித், லண்டன், கனடா. எல்லாரும் அழுதார்கள், நான் ஆறுதல் சொன்னேன். ஒன்றை வைத்தால் மற்றது வரும். இதற்குள் பிள்ளை எடுத்தால் எப்படி உள்ளே வருவாள்?

ஏழரை மணிக்குக் கடை ஃபோன் அடித்தது. கடைக்காரி காதில் வைத்துவிட்டு ஓடிவந்து என்னிடம் தந்தாள்.

"பெரியம்மா! ஏன் உங்கடை ஃபோன் எடுக்கேலாமல் கிடக்கு? நான் குண்டிலை செத்துப்போனன் எண்டு போட்டிருக்கினம், அதிலை கிடந்த நம்பருக்குத்தான் எடுக்கிறன்." சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அந்த வீடியோவால் நடந்த ஒரே நன்மை அந்த நம்பர்தான்.

"எங்கை பிள்ளை இருந்தனீ?"

"சாமான் அறைக்குள்ளை, வகுப்புப் பிள்ளையளோடை. சத்தம் வரக்கூடாது எண்டு ஃபோனை நிப்பாட்டினனான். எங்கடை பள்ளிக்கூடம் இல்லைப் பெரியம்மா, அடுத்த பள்ளிக்கூடம்."

"மாதாவே, எங்கடை இல்லை" என்று என் வாயில் வந்துவிட்டது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வைக்கிறன் பெரியம்மா. என்ரை வகுப்புப் பிள்ளை ஒண்டு இன்னும் இஞ்சை இருக்கு. தமையன் படிக்கிறது அந்த மற்றப் பள்ளிக்கூடம். தாய் அவனைத் தேடிப் போனவ, இன்னும் வரேல்லை. பிள்ளை என்ரை கையை விடுகுதில்லை."

ஃபோனை வைத்தேன். சானல்காரர் பக்கத்தில் நின்றார்.

"உயிரோட இருக்காங்களா?" ஒரு கணம் அவருடைய முகம், உப்பில்லாத கஞ்சியை வாயில் வைத்தவருடையதைப் போல இருந்தது. பிறகு தெளிந்துவிட்டார். "சூப்பர்ம்மா! ஆனந்தக் கண்ணீர்னு இன்னொண்ணு போட்டுடலாம். வேற என்ன சொன்னாங்க? அங்க பசங்க யாராவது...?"

மேசையைச் சுற்றி இருந்த அந்த மூன்று பேருக்கும் கிடைக்காத செய்தி அந்த நேரம் என்னிடம் இருந்தது. சொல்லியிருந்தால் அந்தத் தாய் தன் பிள்ளையின் முடிவை அறிவதற்கு முதலே அதை லாச்சப்பல் முழுக்கப் பார்த்திருக்கும், பட்டுக் கழிவோடு.

"ஒண்டுமில்லைத் தம்பி. சுகமாம்."

"அவ்வளவுதானா?"

"ஓம். அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. மைக்கை என் வாய்க்குக் கிட்டவே பிடித்துக்கொண்டு நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்குக் கை உளையும்வரைக்கும் நின்றேன்.