கவரைப்பேட்டையில் பறந்த பலூன்

இன்று காலைச் செய்தித்தாளை உதறியதும் பளபளவென்று ஒரு விளம்பரத் தாள் மடியில் விழுந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று கட்டடங்கள், பின்னால் நீல வானம், ஓரமாக நாலு கொக்கு. மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "வானம் எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. அந்தப் பக்கத்தில் அப்படியொரு வானத்தை நான் பார்த்ததில்லை. உருக்காலைப் புகை ஏறி, தேய்க்காத அலுமினியக் குண்டான் மாதிரிதான் இருக்கும். இந்த நீலத்தை எவனோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பூசியிருக்கிறான். கொக்குகளைப் பறக்கவிட்டதும் அவன்தான். எப்படித் தெரியும் என்றால், நானும் கொஞ்ச காலம் அதைத்தான் செய்து சாப்பிட்டேன்.

பாலிடெக்னிக்கில் சிவில் முடித்த கையோடு கவரைப்பேட்டையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது அது வேறு பெயரில் வேறெங்கோ நல்லபடியாகவே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து வீடு ஒன்றின் முன்கூடம்தான் ஆபீஸ். கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேசை நடுங்கும், என் கோடும் நடுங்கும். அந்தக் காலத்தில் நான் போட்ட கோடுகளில் நேரானவை லாரி போகாத நேரத்தில் போட்டவை என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அது பாதி உண்மை. கோணலான கோடுகளுக்கு லாரி மட்டும் காரணம் இல்லை.

தங்கியது ரயில்பாதையை ஒட்டிய ஒரு மாடி அறையில். அந்த அறையை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான். கிரீஸும் சலவைச் சோடாவும் வெந்நீரும் கலந்த ஒரு நெடி. முதல் வாரம் தலைவலித்தது. அப்புறம் அது இல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை. கீழ்வீட்டில் இருந்த சுகுணாக்காவும் அவர் வீட்டுக்காரர் தயாளனும் தொழிற்சாலைகளின் யூனிஃபார்ம் துவைத்துக் கொடுத்தார்கள். தயாளன் சாயந்திரம் மொபெட்டில் அழுக்கு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு வருவார். விடிவதற்குள் அக்கா வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து அலசிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் இருந்த வெளியில் வரிசை வரிசையாகக் கொடிக் கம்பிகள். மத்தியானத்துக்குள் காய்ந்தால்தான் இஸ்திரி போட்டு மறுநாள் முதல் ஷிஃப்டுக்குக் கொடுக்க முடியும். ஒரு நாள் தவறினால் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முகம் சுளிப்பார்கள். ஆக அந்தக் குடும்பத்துக்கு முதலாளி என்று ஒருவர் இருந்தால் அது சூரியன்தான்.

அக்கா என்னை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா இன்ஜினியரு, நாஷ்டா துன்னியா?"

"இன்னும் இல்லக்கா."

"படம் போட்டுக்கினே இருந்தா வயிறு ரொம்பிடுமா? எறங்கி வா."

நான் இன்ஜினியர் இல்லை, டிப்ளமோ படித்த வரைவாளன். இதை அக்காவிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. இட்லியோடு சேர்ந்து வந்த அந்தப் பட்டத்தையும் தின்றுகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அக்கா வீட்டு வெளிக்குத் தென்கிழக்கே மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலை இருந்தது. அதை எங்கள் கம்பெனி வாங்கியது. பதினெட்டு மாடி. அப்போது அந்தச் சுற்றுவட்டாரத்தில் தலை நிமிர்ந்து பார்க்க இருந்தவை மூன்றுதான்: அம்மன் கோயில் கோபுரம், ஆலையின் பழைய புகைபோக்கி, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி. மூன்றிலும் உயரமானது தொட்டி. கட்டடத்துக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது மேனேஜரின் அவசரம்.

"ஊரோட பொருந்தி நிக்கிற மாதிரி காட்டணும்பா. அதான் உன் வேலை" என்றார்.

பொருந்துவது என்றால் என்னவென்று பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்திருந்தேன். பக்கத்துக் கட்டடத்தின் உயரம், இடைவெளி, காற்று, நிழல் என்று நாலு வரி. மேனேஜரிடம் கற்றது வேறு. கோயிலுக்கு முன்னால் போய் நின்று போட்டோ எடு, கோபுரம் பெரிதாகவும் கட்டடம் சின்னதாகவும் விழும். கட்டடத்துக்கு வானத்தின் நிறத்தையே கொடு, ஓரம் கரைந்துபோகும். நிழல் காட்டச் சொன்னால் ஆனி மாத நடுப்பகலுக்குக் கணக்குப் போடு, அப்போது நிழல் கட்டடத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், நிழல் வடக்கே நீண்டு படுக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நிழலின் நுனி அக்காவின் கொடிக் கம்பிகளைத் தாண்டிப் போனது. தாளைக் கசக்கிப் போட்டேன். மேனேஜர் சொல்லவில்லை, நானாகத்தான் கசக்கினேன்.

ஆனால் படத்தை ஊர் நம்பவில்லை. டீக்கடையில் ஒரு பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படத்துல இன்னா வோணா காட்டலாம் நைனா. அம்மன் கண்ணுக்கு நேரா வந்து நின்னுச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றார். மேனேஜர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து பெரிய சிவப்பு பலூன் ஒன்றும் வாயு உருளையும் வந்து இறங்கின. கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் பலூனை நிறுத்திக் காட்டுவது, ஊர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அளந்து, மாடிக்கு ஒன்றாகக் கயிற்றில் பதினெட்டு முடிச்சுப் போட்டேன்.

ஞாயிறு காலை ஆலை வளாகத்தில் திருவிழாக் கூட்டம். கயிற்றை நான்தான் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுகள் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஏறின. எட்டாவது முடிச்சு போனதும் மேனேஜர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும். கட்டு."

"சார், இன்னும் பத்து..."

"காத்து இழுக்குதுப்பா. அறுந்துடும்."

காற்றே இல்லை. பலூன் தண்ணீர்த் தொட்டிக்குச் சமமாக அசையாமல் நின்றது. நான் இரும்புக் கம்பத்தில் கயிற்றைக் கட்டினேன். மிச்சக் கயிற்றைச் சுருட்டி என் பையில் வைத்துக்கொண்டேன். எத்தனை மாடி என்று கேட்டவர்களுக்கெல்லாம் மேனேஜர் மேலே கையைக் காட்டினார். "இவ்ளோதானா? இதுக்கா பயந்தோம்" என்று ஜனங்கள் சிரித்தார்கள். டீக்கடைப் பெரியவரும் சிரித்தார்.

கையெழுத்துப் போட மேசை போட்டிருந்தது. யாரும் முதலில் போக விரும்பவில்லை. சுகுணாக்காவுக்கு அந்தத் தெருவில் ஒரு மதிப்பு உண்டு. அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எனுக்கு அம்மன் கோபுரமெல்லாம் பெருசு இல்ல தம்பி. வெயிலு வருமா? அத்த மட்டும் சொல்லு."

மேனேஜர் பத்தடி தள்ளி நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. இதை இத்தனை வருடமாகச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவர் பார்க்கவில்லை.

"வரும்கா" என்றேன்.

"நீ சொன்னா சரி." போய்க் கையெழுத்துப் போட்டார். பின்னாலேயே தெரு முழுக்கப் போட்டது.

கட்டடம் எழும்ப ஆரம்பித்தது. துவைக்கிற கல்லில் நின்று பார்த்தால் தொட்டி தெரியும், தொட்டிக்குப் பக்கத்தில் கட்டடம் ஏறுவதும் தெரியும். எட்டாவது தளம் முடிந்தும் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா இன்ஜினியரு, இன்னும் ஏறுது?"

"மொட்டைமாடிக்கு மேல கொஞ்சம் இருக்கும்கா. லிஃப்ட் ரூம்."

பத்தாவது தளம் வந்தபோது தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள் என்றேன். பன்னிரண்டு வந்தபோது அக்கா கேட்கவில்லை. நான் படியில் சத்தம் கேட்காமல் இறங்கப் பழகியிருந்தேன். அந்த வருடம் எனக்குச் சம்பளம் கூடியது, ஆபீஸில் தனி மேசை கிடைத்தது. லாரி போனால் நடுங்காத மேசை.

ஐப்பசி மழை ஓய்ந்தும் அக்காவின் வெளியில் ஈரம் வற்றவில்லை. கார்த்திகையில் காலை வெயில் போயிற்று. மார்கழியில் நிழல் சுருங்கி விலகும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். காயாத துணியை இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைக்கப் பார்த்தார்கள். வீடு முழுக்க ஆவி பறந்தது. எனக்குத் தூக்கம் கொடுத்த அந்த வாசனை மாறி, ஈரச் சாக்கின் முடை ஏறியது. ஒரு நாள் தயாளன் கொண்டுபோன மூட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார். அதிகம் பேசாத மனிதர்.

"ஈரத்தப் போட்டுக்கினு உலை முன்னாடி நின்னா ஒடம்பு வெந்துடும்ன்றான் ஸ்டோர்ஸ்காரன். அவன் சொல்றதும் நாயந்தானே?" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

அடுத்த நாள் அக்கா என் அறைக்கு ஏறி வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அன்னிக்கே உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கசக்கிப் போட்ட தாள் ஞாபகம் வந்தது. பையில் சுருட்டி வைத்த கயிறு ஞாபகம் வந்தது.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் இன்ஜினியர் இல்லக்கா. வெறும் படம் போடறவன்."

அவரிடம் முதன்முதலாக அந்த உண்மையை அன்றுதான் சொன்னேன். ஒளிந்துகொள்ள இடம் தேவைப்பட்டபோதுதான் அது கையில் கிடைத்தது.

"அப்டியா?" என்றார் அக்கா. கதவு நிலையிலிருந்து கையை எடுத்தார். "சரி." இறங்கிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து நாஷ்டாவுக்குக் கூப்பிடவில்லை. நானும் பசிக்காதவன் போலவே போய்வந்தேன். தை பிறந்ததும் அவர்கள் ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம், அக்காவின் தாய்வீட்டுக்குப் போனார்கள். வெந்நீர்த் தொட்டியை எடுத்துப்போக முடியவில்லை. வீட்டின் சொந்தக்காரர் அந்த வெளியைக் குடியிருப்புக்காரர்களின் கார் நிறுத்தக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் நானும் வேலையை விட்டேன். மனசாட்சியால் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் கூடுதல் சம்பளத்துக்குக் கிடைத்தது.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக ஊத்துக்கோட்டை போயிருந்தேன். பஸ் நிலையத்தில் ஷேர் ஆட்டோவுக்காக நின்ற கூட்டத்தில் அக்கா. நடவுக்குப் போய்வருகிற கால், சேறு காய்ந்திருந்தது. நான் நழுவியிருப்பேன், அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, நல்லாக்கிறியா?"

குழந்தைகள், தயாளனின் முதுகுவலி என்று நாலு வார்த்தை பேசினார். பழையதை எடுக்கவில்லை. ஆட்டோ வந்ததும் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டே திரும்பினார்.

"அன்னிக்கு ஊரெல்லாம் காட்டினியே ஒரு படம், அது உன்னாண்ட இருக்குதா? எங்க ஊடும் கொடியும் அதுல வுழுந்திருக்கும்ல. எங்கள்து ஒரு போட்டோகூட இல்ல. பொண்ணு கேக்குது, பாத்ததில்ல அது."

"தேடிப் பாக்கறேன்கா" என்றேன்.

தேட வேண்டியதில்லை, என் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. துணி காய்கிற இடம் அசிங்கமாகத் தெரிகிறது என்று மேனேஜர் சொன்னார். படத்தில் அந்த இடத்தின்மேல் ஒன்பது மரங்களை நட்டேன். அடர்த்தியான மரங்கள், இலைகூடத் துல்லியமாக இருக்கும்.

அப்போதெல்லாம் சென்னையிலிருந்து வரும் காலை ரயிலில் ஒரு பழக்கம் உண்டு. பொன்னேரி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரம் இருப்பவர் யாராவது, "துணி வந்துட்ச்சி" என்பார். அக்காவின் கொடிகளில் நீலமும் காக்கியும் ஆரஞ்சுமாக, கை கால் விரித்து நூற்றுக்கணக்கான சட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டு நிற்கும். தூங்கிக்கொண்டிருந்த ஷிஃப்ட்காரர்கள் அந்தக் குரலுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நகர்வார்கள். சட்டைகளில் தன்னுடையது எது என்று தேடுகிறவர்களும் உண்டு. போன மாதம் அந்த ரயிலில் போனேன். பொன்னேரி தாண்டியதும் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "பில்டிங் வந்துட்ச்சி" என்றார். பெட்டியில் பாதிப்பேர் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.