வண்டலும் சரளையும்

முப்பதுகளின் நடுவில் வடக்கே பூமி அதிர்ந்து ஊர் ஊராக இடிந்து விழுந்தது. அதன் பிறகு என் கணவருக்கு அங்கே சர்வே வேலை. எங்கே மண் இளக்கம், எங்கே கெட்டி, மறுபடி ஆடினால் எந்தப் பக்கம் வீடுகள் விழும் என்று நடந்து நடந்து பார்த்து, படத்தில் வண்ணம் தீட்டுகிற வேலை. நான் தலைப்பிரசவத்துக்கு அறந்தாங்கிப் பக்கம் அப்பா வீட்டுக்கு வந்தவள். மகள் பிறந்து குப்புற விழவும் தொடங்கிவிட்டாள். அப்பா என்னை அனுப்புகிற வழியாக இல்லை.

"பூமி வாயைப் பொளக்குற ஊருக்கு எம்புள்ளையை அனுப்ப மாட்டேன்" என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவரோ ஆடி ஆகாது என்றார், புரட்டாசி கூடாது என்றார், ஐப்பசியில் மழை என்றார். அவருடைய பஞ்சாங்கத்தில் எனக்கு மட்டும் நல்ல நாளே கிடையாது.

கார்த்திகையில் கணவர் எங்களை அழைத்துப்போக வந்தார். கையில் பழம், பலகாரம் ஒன்றும் இல்லை. அப்பா முன்னால் இரண்டு துணி முடிச்சுகளை வைத்தார்.

"அங்கத்தி மண்ணு மாமா. ரெண்டு எடத்துலேருந்து எடுத்தாந்தேன்."

மண் என்றதும், வயலே கதியென்று இருந்த அப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மேற்கொண்டு கேட்காமல் முதல் முடிச்சை அவிழ்த்தார். கறுத்த, மெத்தென்ற மண். பிசைந்தார், முகர்ந்தார், முகமே மலர்ந்துவிட்டது.

"வண்டலுல்ல! நெல்லைப் போட்டா அள்ளிக்கிட்டுல்ல போகும்!"

அடுத்ததில் செம்மண்ணும் சரளைக்கல்லும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டார். "இது நம்ம மேட்டுக்கொல்லை மண்ணு மாதிரி. கொள்ளுகூட வெளங்காது. வண்டல் பக்கமா வீட்டைப் பாருங்க மாப்புள்ளை. அனுப்பி வைக்கிறேன்."

எனக்கு உயிர் வந்தது. இவர் 'சரி மாமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பெட்டியைக் கட்டிவிடலாம். கண்ணைக் காட்டினேன். அந்த மனுஷருக்குப் புரிந்தால்தானே!

"அந்த வண்டல்லதான் மாமா வீடெல்லாம் விழுந்துச்சு. ஆடுன ஆட்டத்துல தண்ணியும் மணலும் பொங்கி, சுவரெல்லாம் உள்ள எறங்கிருச்சு. நமக்கு வீடு பாத்திருக்கிறது சரளை மேட்டுல."

"அங்க ஆடாதா?"

"ஆடும். கொறைச்சலா ஆடும். ஆடவே ஆடாதுன்னு என்னால சொல்ல முடியாது."

காரியத்தைக் கெடுத்தாரே என்று எனக்கு ஆத்திரம். அதே சமயம் அவர்மேல் அவ்வளவு பிரியமாகவும் இருந்தது. அப்பா தள்ளிவிட்ட சரளையை மறுபடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். ஆயுசு முழுக்கத் திட்டிய மண்ணை அன்று திட்டவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குப் பயமா இல்லையா ஆத்தா?"

அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

"பயந்தாம்ப்பா. ஆனா இங்கன இருந்துக்கிட்டு, அங்க இவுகளுக்கு என்னாச்சோன்னு தெனம் பயப்படுறேனே. அதுக்கு அங்க போயி, இவுகளோடயே பயந்துட்டுப் போறேன்."

அப்பா எழுந்துபோய்த் தூளியில் கிடந்த மகளைத் தூக்கி வந்து என் கணவரிடம் நீட்டினார். அவர் அதுவரை பிள்ளையைத் தொட்டதில்லை. கையை வேட்டியில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, எங்கே பிடிப்பதென்று தெரியாமல் வாங்கினார்.

"நெஞ்சோட சேத்துப் புடிங்க மாப்புள்ளை" என்றார் அப்பா. "அம்புட்டுத் தூரம் ரயில்ல நீங்கதானே தூக்கிட்டுப் போகணும்."