மாமியின் குழையல் சோறு

அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டு. கரைப் பக்கமாகக் கிழித்ததால் அதன் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று இருந்தது. அதை மாமி தன் வலக்கைச் சுட்டுவிரலில் சுற்றிக் கட்டியிருந்தார். அப்பா செத்த எட்டாம் நாளை, அவருடைய எட்டுச் செலவை, நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிவது அந்தத் துண்டுதான். அப்பாவின் முகம்கூடப் பிறகுதான் வருகிறது. அரியாலைக் கடனீரேரிப் பக்கமிருந்து வரும் காலைக் காற்று, முற்றத்துத் தகரப் பந்தலின் சடசடப்பு, சோறு வடிக்கும் மணம் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்து கேட்பதுபோல மங்கிப் போயிருக்கின்றன. அந்தத் துண்டு மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

மாமி அப்பாவின் மூத்த சகோதரி. அப்பா பிறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தாய் நோயில் விழுந்ததால் தம்பியை இடுப்பில் தூக்கிவைத்தவர், பிறகு இறக்கவே இல்லை. கல்யாணமும் கட்டவில்லை. எங்கள் அம்மா இளவயதிலேயே போய்விட, என்னையும் என் தம்பியையும் வளர்க்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. துப்புரவு என்றால் மாமிதான். அவரிடம் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கே கை கால் கழுவி விண்ணப்பம் போட வேண்டும். மீனை ஏழு தண்ணீரில் அலசுவார். ஆறாவது தண்ணீரில் நிறுத்தினால் அன்றைக்கு வீட்டில் பூகம்பம். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுவதிலும், வயிற்றோட்டம் வராத வீடு எங்கள் வீடு என்று அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம், அவர் கை கழுவிக் கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டே.

அப்பாவுக்கு மாமியின் குழையல் என்றால் உயிர். சோற்றோடு மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் சேர்த்து, ஒரு சட்டியில் கையாலேயே குழைத்து உருட்டி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூவரசம் இலை வைத்து அதன்மேல் வைப்பார். கரண்டியால் கிளறினால் அது குழையல் இல்லை, சோறும் கறியும்தான் என்பார் அப்பா. அறுபது வயது கடந்தும் அக்காவின் முன்னால் இலையோடு வரிசையில் நின்ற மனிதர் அவர். ஆகவே எட்டாம் நாள், செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கும் அந்த நாளில், என்ன வைப்பது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

விளைமீன் விடியற்காலையிலேயே வந்துவிட்டது. குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் மீன்கார அண்ணைதான் கொண்டுவந்தார். இருபது வருடமாக எங்கள் ஒழுங்கைக்கு மீன் தருபவர். அவரும் அப்பாவும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று உலகத்தையே திருத்துவார்கள். பேச்சு முடிவதற்குள் பெட்டியில் ஐஸ் பாதி கரைந்திருக்கும். அன்றைக்கு அவர் உள்ளே வரவில்லை. பையை என்னிடம் நீட்டி, "ஐயாவின்ரை படையலுக்கு இது என்ரை பங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். செவுள் சிவந்திருந்த நல்ல மீன். அதை ஏழு தண்ணீரிலும் அலசியவள் நான், மாமியின் விரலில் காயம் என்பதால்.

இரண்டு நாள் முன்பு தேங்காய் துருவும்போது திருவலைப் பல் அந்த விரலைக் கிழித்திருந்தது. எட்டாம் நாள் காலையில் விரல் வீங்கி, துணியின் ஓரத்தில் மஞ்சளாக ஈரம் கசிந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே அழுத்தி எழுதத்தான் வேண்டும்.

"மாமி, குழையலை நான் குழைக்கட்டே?" என்று கேட்டேன்.

"ஏன், என்ரை கைக்கு என்ன? கொப்பன்ரை வேட்டியெல்லே சுத்தியிருக்கு. அவன் பார்த்துக்கொள்ளுவான், நீ போ பிள்ளை" என்றார்.

அதற்குமேல் என்ன சொல்வது? தம்பியைப் பறிகொடுத்து எட்டு நாளாக அழாமல் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். எட்டரை மணிக்கு ஒரு பெரிய சட்டி நிறையக் குழைத்து, அப்பாவின் அறையில் படத்துக்கு முன்னால் வைத்து, குத்துவிளக்கை ஏற்றிக் கதவைச் சாத்தினோம். கனடாவிலிருந்து என் தம்பி வந்துகொண்டிருந்தான். ஒன்பதுக்கு வந்துவிடுவேன் என்றவன் விமான நிலையத்திலிருந்து ஏறி வந்த வான் வழியில் பழுதாகி, அவன் வந்து இறங்கியபோது பின்னேரம் மூன்று மணி. மகன் வராமல் கதவு திறப்பதில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆறரை மணித்தியாலம் அந்தச் சட்டி, யன்னல் பூட்டிய அறையில், விளக்கின் வெக்கையில் இருந்தது. அப்பா ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று நாங்கள் வெளியே மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் காத்திருப்பில் ஒரு சுகம்கூட இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் உண்மையிலேயே இருப்பதுபோல.

கதவைத் திறந்ததும் மாமி எல்லோருக்கும் குழையலை உருட்டிக் கொடுத்தார். யாரோ சூடுகாட்டலாமே என்றார்கள். "படைச்சதைத் திருப்பி அடுப்பிலை ஏத்திறதே?" என்று மாமி மறுத்துவிட்டார். சோற்றில் கெட்ட மணம் இல்லை, புளிக்கவில்லை, நல்ல ருசி. நான் இரண்டாந்தரமும் இலையை நீட்டினேன். கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் மாமிக்கு ஒரு பிடியும் மிஞ்சவில்லை.

பொழுதுபடுவதற்கு முன்பே முதல் ஆள் கிணற்றடியில் குந்தி வாந்தி எடுக்கத் தொடங்கினார். பிறகு ஒவ்வொருவராக விழுந்தோம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எதிர்வீட்டுக் குழந்தைக்கு இரண்டு நாள் சேலைன் ஏற்றித்தான் கண் திறந்தது. எனக்கு அந்த மாலை துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது: சுழலும் மின்விசிறி, மிதப்பதுபோன்ற பாய், நெற்றியில் மாமியின் கை. அந்த விரலில் கட்டியிருந்த துணி நெற்றியில் உரசியது.

மறுநாளே ஒழுங்கை தீர்ப்புச் சொல்லிவிட்டது. மீன் பழுது. மீன்காரன் பழைய மீனைத் துக்க வீட்டின் தலையில் கட்டிவிட்டான். அப்படிச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வயிறு வலிக்கும்போது மனிதனுக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். மீன்கார அண்ணையின் ஹோர்ன் கேட்டால் படலைகள் மூடிக்கொண்டன. அவர் பெட்டியோடு சந்தியில் நிற்பார், ஐஸ் கரைந்து தண்ணீர் தார்மீது வழியும், அப்படியே திரும்பிப் போவார்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மெலிந்த மனிதர், கதைப்பதைவிட எழுதுவது அதிகம். யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வந்து, கடைசியாக எங்கள் விறாந்தையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, மீனிலை பிழை இருக்கிறமாதிரித் தெரியேல்லை. உங்கடை பின்வீட்டு ரீச்சர் ஆக்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள், படைச்சதைத் தின்னமாட்டினம். அதாலை அடுப்பிலை இருந்த மீன்குழம்பை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டிருக்கினம். நாலு பேருக்கும் ஒண்டுமில்லை. குழையல் திண்ட ஆக்களுக்குத்தான் வருத்தம்." பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "குழைச்ச ஆளின்ரை கையிலை புண் ஏதும் இருந்ததோ?"

"இல்லை" என்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு யாரையும் குறிப்பிடாததுபோலச் சொன்னார்: "புண்ணிலை இருக்கிற கிருமி சோத்திலை இறங்கினால், இளஞ்சூட்டிலை பெருகி நஞ்சு வைக்கும். பிறகு கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மணம் குணம் ஒண்டும் மாறாது. அதாலைதான் கையிலை காயம் இருக்கிற ஆள் சமையலிலை கை வைக்கக்கூடாது எண்டு சொல்லுறது. சமைச்சதை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை வெளியிலை விடவும் கூடாது." சட்டி கழுவியாகிவிட்டதால் சோதிக்க எதுவும் மிச்சமில்லை, உறுதியாக எழுதித் தர வழியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் மாமி நின்றிருந்தது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் சந்தியில் மீன்கார அண்ணை என்னை மறித்தார். கோபமாக ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தங்கச்சி, ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. என்ரை மீனிலை பிழை இருந்ததோ? இருந்தால் நான் இனிப் பெட்டி தூக்கமாட்டன். அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியிலை கிடந்ததிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை."

"தெரியாது அண்ணை" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைவிடக் கேவலமானது இல்லை. வீட்டுக்கு வந்து அவர் கேட்டதை அப்படியே மாமியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்தேன் என்றுதான் தோன்றுகிறது.

சாவு விழுந்த துடக்கு வீட்டுப் பெண் முப்பத்தோராம் நாள் வரை வெளியே போவதில்லை. மறுநாள் காலை மாமி செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தார். நான் பின்னால் ஓடினேன். வெயில் பளீரென்று, ஒழுங்கை வெறும் வெளிச்சமாகக் கிடந்தது. மாமி அதற்குள் நீந்திப் போவதுபோல இருந்தது. சந்தியில் பாண் வாங்க நின்றவர்கள் அவரைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். அவர் நேரே மீன் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, விரலிலிருந்த துணியை அவிழ்த்தார்.

"எல்லாரும் பாருங்கோ. பிழை மீனிலை இல்லை. இந்தக் கையிலைதான். இந்தப் புண்ணோடை நான்தான் குழைச்சனான். வேண்டாம் எண்டு மருமகள் சொன்னவள், நான்தான் கேக்கேல்லை." பிறகு மீன்கார அண்ணையைப் பார்த்தார். "தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளு. ஒரு விளைமீன் தா."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழைக்கட்டே என்று கேட்டேன், அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் என்னையும் காப்பாற்றிவிட்டார்.

ஒழுங்கை மெல்ல மெல்ல மீன்கார அண்ணையிடம் திரும்பியது. மருந்து கட்டி மாமியின் விரலும் ஆறியது. ஆனால் அதன் பிறகு அவர் மற்றவர் சோற்றில் கை வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கரண்டி. எனக்குத் தேநீர் தரும்போதுகூடக் கோப்பையைப் பிடியில் மட்டும் பிடிப்பார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் படையலுக்கு ஒரு சிறு கிண்ணம்தான். யார் எந்த நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாலும் சோறு அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. விரலில் ஒரு கீறல் இருந்தாலும் குசினிக்குள் வர முடியாது. இவையெல்லாம் நல்ல சட்டங்கள்தான். மாமிதான் போட்டார். ஆனால் அந்த முதல் வருடம் அந்த வீட்டில் சாப்பிடுவது ஆஸ்பத்திரியில் சாப்பிடுவதுபோல இருந்தது.

வருடம் முடிந்து வந்த அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு ஒழுங்கை முழுவதும் வந்தது. மரக்கறிச் சமையல். மீன்கார அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டு, வெறுங்கையோடு வந்திருந்தார். பந்தியில் உட்காராமல் குசினி வாசலில் போய் நின்றார்.

"அக்கா, அண்டைக்கு நான் சந்தைக்குப் போனதாலை குழையல் கிடைக்கேல்லை. ஐயா அதைப்பற்றி எவ்வளவு புளுகுவார். இண்டைக்குத் தாங்கோவன்."

"நான் இப்ப குழைக்கிறேல்லைத் தம்பி."

"கையிலை காயம் இருக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

மாமி கிணற்றடிக்குப் போனார். சவர்க்காரம் போட்டுக் கழுவினார், பிறகும் கழுவினார். நகக்கண் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆவி பறக்கும் சோற்றைச் சட்டியில் கொட்டி, கறிகளை விட்டு, கை பொறுக்காத சூட்டில் எல்லோரும் பார்க்கக் குழைத்தார். மீன்கார அண்ணை பூவரசம் இலையை நீட்டினார். வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றார். "உப்புக் கொஞ்சம் காணாது" என்றார்.

அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டு மாமி என்னைப் பார்த்தார். பிறந்த நாளிலிருந்து அந்தக் கைச் சோற்றைத் தின்றவள் நான். என் கை எழவில்லை. ஒரு கணம்தான், ஆனால் மாமி அதைக் கண்டுவிட்டார். அவர் முகம் மாறவில்லை. உருண்டையைத் திரும்பச் சட்டியில் போடவும் இல்லை. நான் இலையை நீட்டும்வரை, அந்தச் சூட்டோடு, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.