என் மகளின் அறையில் சாமி ஸ்டாண்ட்

என் மகளின் அறையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு, கீழே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். மொட்டைமாடியில் ஓர் அறை கட்டி எடுத்தபோது, பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு என்று சொல்லித்தான் எடுத்தோம். பிறந்ததிலிருந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்தவள் அவள்.

போனில் நூறு படம் பார்த்து வைத்திருந்தாள். மூன்று சுவர் வெள்ளை, ஒன்று மட்டும் சாம்பல் கலந்த பச்சை. கட்டிலுக்குப் பின்னால் சீரியல் லைட். படிக்கிற மேஜை, தோப்பும்படிப் பட்டறையில் அவளே அளவு சொல்லிச் செய்தது. திரைத்துணிக்காக என்னை பிராட்வே கடைத்தெரு முழுக்க நாய் படாத பாடு படுத்தினாள். பச்சைச் சுவரை நாங்கள் இரண்டு பேருமாகவே அடித்தோம்.

பெயின்ட் காயவில்லை, சுள்ளிக்கல்லிலிருந்து நாத்தனார் வந்து நின்றார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. அக்கா சொன்னால் அவருக்கு மறுபேச்சில்லை.

"இதுல்லா ஈசானிய மூலை. சாமிய இங்க வைக்காம, அடுக்களையில மீன் மணத்துலயா வைப்பீக?"

அவ்வளவுதான். தம்பிக்காரர் டிரில்லரை எடுத்தார். பச்சைச் சுவரில், மேஜைக்கு நேர் மேலே, நான்கு ஓட்டை. சாமி ஸ்டாண்ட் ஏறிவிட்டது.

"அம்மா, இது என்ட ரூம் அல்லே?" என்றாள் மகள், பள்ளிக்கூடத்து மலையாளத்தில்.

"சாமிதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். இந்த நாக்கை அறுத்துத்தான் போட வேண்டும்.

மாதவிலக்கு நாளில் சாமி இருக்கிற இடத்துக்குள் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சாமி சமையற்கட்டில் இருந்தவரை அது பெரிய தொந்தரவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு மூன்று நாள் அடுப்படியிலிருந்து லீவு, எல்லாருக்கும் பரோட்டா. இப்போது சாமி மகளின் தலைக்கு மேல். ஸ்டாண்ட் மாட்டியபோது பெண்கள் மூன்று பேர் அங்கேயேதான் நின்றோம். மாதாமாதம் வருவது ஒருத்தி புத்தியிலும் உறைக்கவில்லை.

அந்த மாதம் அவளுக்கு மறுபடி ஹாலில் பாய். அடுத்த மாதமும் பாய். பக்கத்தில் அவள் அப்பா டிவி பார்த்துக்கொண்டு, "மூணு நாள்தானே, சாரமில்ல" என்றார். பரவாயில்லையாம். கட்டிலில் படுக்கிறவருக்கு என்ன சாரம்?

மூன்றாவது மாதம் பரீட்சை. அவள் யாரிடமும் சொல்லாமல் மாடியிலேயே இருந்துவிட்டாள். எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். வெள்ளிக்கிழமை விளக்குப் போட வந்த நாத்தனார், குளியலறையில் மகள் பேப்பரில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார். செம்பில் மஞ்சள் தண்ணீர் கலக்கிக்கொண்டு மாடியேறி, கட்டில், திரை, பச்சைச் சுவர் எல்லாவற்றிலும் தெளித்தார். மேஜையில் விரித்து வைத்திருந்த கெமிஸ்ட்ரி நோட்டிலும்தான். நான் ஏறிப் போனபோது மை ஓடிப் பக்கமெல்லாம் நாசம்.

மகள் அழவில்லை. சீரியல் லைட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இனி எனக்கு ரூம் வேண்டா. ஹால் மதி." ஹாலே போதுமாம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நாற்காலியைப் போட்டு ஏறினேன். சாமி படம் ஒவ்வொன்றாக இறக்கி நாத்தனார் கையில் கொடுத்தேன்.

"கொண்டு போயி உங்க தம்பி கட்டிலுக்கு மேல மாட்டுங்க."

"புருசன் பொண்டாட்டி படுக்குற எடத்துலயா சாமி?"

"அப்போ உங்க தம்பி ஹால்ல படுக்கட்டும். மூணு நாளில்ல, மாசம் பூரா."

படங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு, போட்டு வைத்த சாயாவைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போனார். போகட்டும். ஸ்குரூவைத் திருகி ஸ்டாண்டையும் கழற்றி எடுத்தேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

"லைட்ட மாட்டு மோளே. இனி இது உன் ரூம்தான்" என்றேன்.

அவள் சுருட்டிய ஒயரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கழிஞ்ச மாசமும் எனக்குப் படிக்க நெறைய உண்டாயிருந்தது அம்மா. நீயல்லே பாய் விரிச்சது?"

ஆமாம். நான்தான் விரித்தேன்.