கசில்தா காத்திருந்த மதியம்

எலிசியோவைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே தெருமுனையில் டயர் கொளுத்தினார்கள். கடலோரச் சர்க்கரை ஆலை ஊரான சான் பெத்ரோவில் மின்சாரக் கம்பெனியைத் திட்டுவதற்கு யாரும் காரணம் தேடிப் போவதில்லை. ஆனால் இந்த முறை காரணம் பெரியது. மூச்சுக்கு மிஷினை நம்பியிருந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் இல்லாமல் செத்துப்போயிருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் மனைவி கசில்தா, அதுவரை வாயில் எடுத்திராத வசவுகளையெல்லாம் கம்பெனிக்காரன்மேல் கொட்டினாள். பக்கத்து வீட்டு யோகாஸ்டா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே திட்டினாள்.

கசில்தா உரக்கப் பேசியே தெருவில் பலர் கேட்டதில்லை. விடியுமுன் மாவு பிசைந்து, மெலிதாகத் தேய்த்து, நடுவில் கீறிவிட்டு எண்ணெயில் பொரித்த யானிகேக்கேயை ஆலைக்குப் போகிறவர்களுக்கு விற்றே ஒரு பெண்ணை வளர்த்து நியூயார்க்குக்கு அனுப்பியவள். எலிசியோவை அவள் கண்டதும் அந்த எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில்தான். ஆலைக் கொதிகலனுக்குள் கரும்புச் சக்கை தள்ளுகிற ஆள். கீறல் போட்ட இடத்தைக் காட்டி, ஓட்டைக்கும் சேர்த்தா காசு கேட்கிறாய் என்று தினமும் வம்பு பண்ணுவார். ஒருநாள் அவள் கீறாமலே பொரித்துக் கொடுத்தாள். அதன்பிறகு கல்யாணம்தான் மிச்சம். சக்கைத் தூசி கடைசியில் அவர் நெஞ்சைத் தின்றுவிட்டது. ஆக்சிஜன் மிஷின் வீட்டுக்கு வந்தபோது அதற்கும் ஒரு பெயர் வைத்தார், மாமியார் என்று. ராப்பகலாக முணுமுணுக்கிறதாம்.

கரண்ட் போவது இங்கே மழை வருவது மாதிரி. போனால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. திரும்ப வரும் வேகத்தில் சாமான் எரியாமலிருக்க, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உட்கார வேண்டியது. திரும்ப வரும்போது முனை வீட்டுப் பிள்ளைகள் "வந்துருச்சு!" என்று கத்தும். அந்தச் சத்தம் வீடு வீடாகத் தாவி வரும். அதற்குப் பிறகுதான் பிளக்கைச் சொருகுவார்கள். கசில்தா வீட்டில் மட்டும் கொஞ்ச காலமாக மற்றவர்களைவிட அடிக்கடி போனது. விளக்கு மங்கும், குதிக்கும், அணைந்துவிடும். எலிசியோ துடைப்பக் கட்டையால் சுவரில் ஒரு போடு போடுவார். சில சமயம் வந்துவிடும். "பாத்தியா, கம்பெனிக்காரன் என் துடைப்பத்துக்குப் பயப்படுறான்" என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, மிஷின் குழாயைத் தேடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கசில்தா துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். முந்தின நாள் ஊரெல்லாம் கரண்ட் போயிருந்தது. கைவசம் இருந்த ஆக்சிஜன் சிலிண்டர் அதில் தீர்ந்துவிட்டது. நிரப்பித் தருகிற கடை திங்கட்கிழமைதான் திறக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். கசங்கின சட்டையோடு உட்கார எலிசியோ சம்மதிக்க மாட்டார் என்று அவருடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் கரண்ட் போனது. வழக்கம்போல எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அட்டையால் அவருக்கு விசிறினாள். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று அவருக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவர் உதடு கறுத்த பிறகுதான் வெளியே ஓடிக் கத்தினாள். ஆட்கள் வந்து அவரை நாற்காலியில் வைத்துத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் கத்தவே இல்லை.

அம்மா இனிமேல் இருட்டில் உட்காரக் கூடாது என்று மகள் அங்கிருந்தபடியே ஒரு இன்வெர்ட்டருக்கு ஏற்பாடு செய்தாள். அதை மாட்டுவதற்கு ராதாமேஸ் வந்தான். மின்கம்பத்தில் ஏறி ஏறி முட்டி தேய்ந்து, இப்போது வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவன். சும்மா மாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. எப்போதெல்லாம் கரண்ட் போகிறது, வீடு முழுக்கப் போகிறதா, போகுமுன் மங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டான். துடைப்பக் கதையைக் கசில்தா சொன்னபோது முதலில் சிரித்தான். அப்புறம் அவர் எந்த இடத்தில் அடிப்பார் என்று கேட்டான். அவள் கதவோரச் சுவரைக் காட்டினாள். அதன் மறுபக்கத்தில்தான் மெயின் சுவிட்ச் பெட்டி இருந்தது.

ஃபிரிட்ஜையும் ஃபேனையும் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் சுமை வேண்டும், சூடாகிற சாமான் ஏதாவது இருக்கிறதா என்றான். கசில்தா இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அதைத் தொட்டிருக்கவில்லை. அவன் சொருகினான். கொஞ்ச நேரத்தில் விளக்கு மங்கியது, குதித்தது, அணைந்தது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது.

யோகாஸ்டா வீட்டு டிவியில் யாரோ வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் பாட்டு ஓடியது. தெருவில் எல்லார் வீட்டிலும் கரண்ட் இருந்தது.

ராதாமேஸ் வெளியே போய்ப் பெட்டியைத் திறந்தான். மீட்டரிலிருந்து வருகிற ஒயர், திருகின் அடியில் கரிக்கட்டையாகிக் கிடந்தது. மேலுறை உருகி வழிந்திருந்தது. கடல் காற்றில் அரித்துத் திருகு தளர்ந்திருக்கிறது, சுமை ஏறினால் சூடாகித் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் தானே தொட்டுக்கொள்ளும் என்று பெட்டிக்குள் பார்த்தபடியே விளக்கினான். சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது கசில்தா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எத்தன நாளா இப்படி இருக்கு தம்பி?"

"இப்பதாங்க்கா. போன வாரம் மழ பெஞ்சதில்ல, அதுல தண்ணி எறங்கிருக்கும்."

"அப்ப அவரு துடைப்பத்தால அடிச்சது எப்பலேருந்து?"

 ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை, அவன் துடைத்துக்கொண்டிருந்தான்.

கசில்தா நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். யோகாஸ்டா அடுப்பில் காப்பி வைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் இன்னொரு கோப்பையை எடுத்தாள். உட்காரச் சொன்னாள். கசில்தா உட்காரவில்லை.

"அன்னிக்கு ஒன் வீட்ல கரண்ட் இருந்துச்சா?"

"எங்கக்கா இருந்துச்சு. தெருவுக்கே இல்லியே. அந்தத் திருட்டுப் பசங்க..."

"யோகாஸ்டா."

கம்பெனியைப் பற்றித் தொடங்கியவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை. பிறகு முகம் பார்க்காமலே சொன்னாள். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் கரண்ட் இருந்தது. கூச்சல் கேட்டு ஓடிவந்தவர்கள் ஃபேன் ஓடுகிற வீட்டிலிருந்துதான் ஓடிவந்தார்கள். கசில்தா வீட்டு ஃபேன் நிற்பதை அப்போதே பார்த்துவிட்டார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசி வைத்துக்கொள்ளவில்லை. கசில்தா கம்பெனியைத் திட்டத் தொடங்கியதும் எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள்.

"தெரிஞ்சேவா டயரக் கொளுத்துனீங்க?"

"பின்ன என்னக்கா பண்றது. அவங்களத் திட்டும்போதுதான் ஒனக்கு மூச்சே வந்துச்சு. நெஞ்சுல அடிச்சிக்கிறத அப்பதான் நிறுத்துன. ஒன் வீட்டு ஒயருதான்னு எந்த வாயால சொல்றது?"

கசில்தாவுக்குக் கோபம் வரும் என்று யோகாஸ்டா காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கும். ஆனால் கசில்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஜன்னலுக்கும் அவள் வீட்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்துதான். பண்டிகை நாட்களில் விளக்குச் சரத்துக்காக யோகாஸ்டா அந்த வழியாகத்தான் ஒயரை வீசித் தருவாள்.

"ஒரு கொரல் குடுத்திருந்தா ஒயரத் தூக்கிப் போட்டிருப்ப."

"போட்டிருப்பேங்க்கா."

"ஒனக்கும் கரண்ட் இல்லன்னு நெனச்சேன். இந்த வெயில்ல படுத்திருப்ப, எதுக்கு எழுப்பணும்னு."

யோகாஸ்டாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தான் தூங்கவில்லை என்றாள். சந்து முடிந்து இரண்டு வீட்டுச் சுவரும் ஒட்டுகிற பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். வாஷிங் மிஷின் ஓடிக்கொண்டே இருந்ததாம். அந்தப் பழைய மிஷின் போடுகிற சத்தத்தில்தான் கசில்தா கூப்பிட்டது முதலில் தன் காதில் விழவில்லையோ என்று அன்றிலிருந்து தூக்கம் இல்லையாம்.

கசில்தா அவளைத் தேற்றினாள். நான் கூப்பிட்டதே கடைசியில்தான் என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். அது உண்மையும்கூட. ஆனால் சொல்லும்போதே அவள் நினைப்பு வேறெங்கோ போய்விட்டது. வாஷிங் மிஷின் ஓடியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. விசிறின அட்டை ஞாபகம் இருந்தது. அதில் சோப்புப் படம் போட்டிருந்தது. அவர் மூச்சு ஞாபகம் இருந்தது. தெருப்பிள்ளைகள் கத்தாமல் இருந்தது ஞாபகம் இருந்தது.

"இப்ப அதப் போடு," என்றாள்.

"எத?"

"வாஷிங் மிஷின. அன்னிக்கு மாதிரியே போடு. நான் வீட்டுக்குப் போனப்புறம் போடு."

யோகாஸ்டா வேண்டாம் என்று கெஞ்சினாள். கசில்தா அதற்குள் கிளம்பிவிட்டாள்.

ராதாமேஸ் கரிந்த ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக இழுத்து இறுக்கியிருந்தான். இஸ்திரி, ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடின, விளக்கு அசையவில்லை. இனி ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி அவனைப் பேசாதிருக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். அவள் உள்ளறைக்குப் போய், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில், கட்டில் விளிம்பில், தலையணைப் பக்கமாக உட்கார்ந்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் மிஷின் உறுமத் தொடங்கியது. தண்ணீர் ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றுவதுகூடக் கேட்டது. துணி பிழிகிற கட்டம் வந்ததும் சுவர் லேசாக அதிர்ந்தது. அன்றைக்கும் வந்திருக்க வேண்டிய அந்த அதிர்வு கட்டிலுக்கும் வந்தது. வாசலில் நின்ற ராதாமேஸுக்குக்கூட அது நன்றாகக் கேட்டது.