மறைத்து உருட்டியதையும் எழுதி வைத்தவர்

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் பகடைகளை எடுத்து வைத்துவிட்டு நிரோ அக்காவுக்காகக் காத்திருந்தோம். ஷிபாவின் வாப்பா ஜும்மாவுக்காகப் படகு எஞ்சின் திருத்தும் கடையைப் பூட்டினால், பின்னேரம் வரைக்கும் அது எங்களுடையது. எண்ணெய்ப் பீப்பாயின் மேல் கரம் ஆடும் பலகையை வைத்தால் மேசை. டெங்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்த அக்கா, அன்று துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள், நேரே வருகிறேன் என்றிருந்தார். ஷிபாவின் தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு அவள் அக்காவின் கதிரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா மௌத்தாகிட்டாவாம்டி."

சாகும்போது அக்காவுக்குப் பத்தொன்பது வயது.

ஷிபா, தர்சி, இது உங்களுக்குத்தான். அடுத்த அறையில் அம்மா புரளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளிச்சத்தை அணைத்துவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னியுங்கள்.

ஒருவர் உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள், முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் விளையாட்டைக் கேட்பவர்களுக்கு நாங்கள் இப்படித்தான் விளக்குவோம். அந்த உலகம் முழுவதும் அக்காவின் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்தது. பழைய கலியாண அழைப்புக் காட்டுகளை வெட்டி, பின்பக்கத்தில் ஆளுக்கொரு அட்டை எழுதியிருந்தார். நாங்கள் ஒரு தடவை வழி கேட்ட கிழவனுக்கும் அட்டை இருந்தது. ஊர்களின் மழை, வெயில், திருவிழா எல்லாம் ஒரு தடித்த கொப்பியில். நடந்தது பேனையில், நடக்கப்போவது பென்சிலில்.

ஷிபா, உன் பாத்திரமான கள்ளி ஒரு சத்திரத்தில் விளக்கை விட்டுவிட்டுப் போனாளே, நினைவிருக்கிறதா? பல மாதம் கழித்து அதே சத்திரத்துக்குப் போனபோது நீ பகிடிக்குத்தான் கேட்டாய்.

"என்ட விளக்கு எங்க?"

அக்கா இரண்டு பக்கம் புரட்டினார். "மாட்டுக் கொட்டிலுக்க. மாடு கன்று போட்ட அன்றைக்கு சத்திரக்காரன்ட மகள் எடுத்தவள். எண்ணெய் முடிஞ்சுது, நீதான் ஊத்தோணும்."

"விசர்தான் உங்களுக்கு!" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் யாரும் பார்க்காத நாட்களிலும் அங்கே ஒரு பெண் விளக்குப் பிடித்திருக்கிறாள்.

அப்பாவின் படகு சல்லிக் கரையிலிருந்து மீன்பிடிக்கப் போய் இரண்டு நாள் திரும்பாத வெள்ளிக்கிழமையும் நான் வந்திருந்தேன். வீட்டில் இருக்க ஏலவில்லை. அன்று என் பாத்திரமான கயல் மலைப்பிளவைத் தாண்டிப் பாய வேண்டியிருந்தது. இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் சாவு. அக்கா அட்டைத் திரைக்குப் பின்னால் உருட்டினார், பார்த்தார், கொப்பியில் எழுதினார்.

"பதினாலு. தப்பிட்டாள். தண்ணி குடியடி."

அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தார். எஞ்சின் நின்று, வேறொரு படகு இழுத்து வந்தது.

அக்கா செத்த எட்டாம் நாள் சடங்கில், எட்டுச் செலவன்று, நடந்தது உங்களுக்குத் தெரியாது. சொந்தக்காரப் பெண் ஒருவர் கொப்பியைத் திறந்து, செத்த பாத்திரங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சாவெழுதி விளையாடியிருக்கு பிள்ளை" என்று கத்தினார். அக்காவின் அம்மா, அன்ரி, அழுதபடி, "முப்பத்தொண்டாம் நாளுக்கு முதல் எல்லாத்தையும் எரிச்சுப்போடுவம்" என்றார். நான் தேத்தண்ணிக் கிளாஸ்களைக் குசினிக்குக் கொண்டுபோகும் சாட்டில் கொப்பியைப் பைக்குள் தள்ளிவிட்டேன். இரண்டு நாளாக அன்ரி அதைத் தேடுகிறார். "அந்தப் பேய்க் கொப்பி ஆரின்ட வீட்டில இருக்கோ" என்று அம்மா இன்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக ஒரு நிரல் இருக்கிறது: "திரைக்குப் பின்னால்". எங்களுக்குக் காட்டாமல் உருட்டிய ஒவ்வொரு எண்ணும் அதில் உண்டு. "மறைச்சு உருட்டலாம், எழுதாம விடேலாது" என்று அக்கா சொல்வது இதைத்தான். அந்த வெள்ளிக்கிழமையைத் தேடி எடுத்தேன்.

"கயல் பாய்ந்தாள். விழுந்தது ஒன்று. பதினான்கு என்று சொன்னேன். இன்றைக்கு இவளிடம் ஒரு சாவைச் சொல்ல என்னால் ஏலாது."

பேனையில் எழுதியிருந்தார்.

விடிய இரண்டு மணிவரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். வேறு பொய் இல்லை. தர்சி, உன் வேடன் செத்தபோது அக்காவைப் பொய்க்காரி என்றாய். அன்று உண்மையாகவே இரண்டுதான் விழுந்திருக்கிறது. பக்கத்தில் "தர்சி மூன்று கிழமை கதைக்க மாட்டாள்" என்றும் எழுதியிருக்கிறார். நீ மூன்று கிழமைதான் கதைக்கவில்லை.

காலையில் கொப்பியை அன்ரியிடம் கொண்டுபோகிறேன். அவர் வாங்கி நேரே அடுப்பில் வைக்கலாம், அம்மாவுக்கும் சொல்லலாம். அதற்கு முன் கயலின் வரியை வாசித்துக் காட்டி, "இவ்வளவு பெரிய கொப்பியில உங்கட மகள் சொன்ன ஒரே பொய் இதுதான் அன்ரி, அது எனக்காக" என்று சொல்வேன்.

கொப்பி மிஞ்சினாலும் மிஞ்சாவிட்டாலும் அந்த ஓர நிரல் எழுதும் பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அக்காவின் கடைசி வரிக்குக் கீழே இப்போது என் எழுத்திலும் ஒரு வரி இருக்கிறது, பேனையில்:

"எட்டுச் செலவன்று கொப்பியை எடுத்தது நான்."